ஒற்றை லென்ஸும் ஏழு சென்டிமீட்டரும்

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கியவர்கள் மறுநாளே கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு: எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு லென்ஸ் என்றால் எதை வாங்குவது? கல்யாண மண்டபத்தில் எஸ்.எல்.ஆர். கேமராவோடு நிற்பவரிடம் கேட்டால், 24-லிருந்து 105 வரை நீளும் ஜூம் ஒன்றைக் காட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். ரேஞ்ச்ஃபைண்டர்காரருக்கு அந்த வழி கிடையாது. 28, 35, 40, 50, 90 என்று எண்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொள்வார். அதெல்லாம் அவரவர் ரசனை என்று நண்பர்கள் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைக் கேமராவின் நெற்றியில் இருக்கும் ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவான ஓர் இடைவெளி எப்போதோ தீர்மானித்துவிட்டது.

கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்திப் பிடித்து, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரில் விரல் இங்கும் அங்கும் தாவும். விரலைக் கிட்டே கொண்டுவந்தால் தாவல் கூடும், தள்ளிப் பிடித்தால் குறையும். எவ்வளவு தாவுகிறது என்று அளந்தால் விரல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ரேஞ்ச்ஃபைண்டரின் வித்தை மொத்தமும் இவ்வளவுதான். கேமராவின் முகப்பில் இரண்டு சாளரங்கள் இருக்கும். ஒன்றின் வழியே நாம் பார்க்கிறோம். மற்றதில் விழும் காட்சியை உள்ளே இருக்கும் பட்டகங்கள் திருப்பி, நம் பார்வையின் நடுவே ஒரு சிறு செவ்வகத்துக்குள் கொண்டுவந்து போடுகின்றன. ஃபோகஸ் சரியில்லாதபோது எதிரே நிற்பவருக்கு இரண்டு மூக்கு தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றோடொன்று படியும். படிந்த கணத்தில் ஃபோகஸ் சரி.

இதில் லென்ஸுக்கு என்ன வேலை? லைக்கா எம் லென்ஸ் ஒன்றைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால், வழவழப்பான உலோக விளிம்பு ஒன்று தெரியும். கேமராவுக்குள் இருக்கும் சிறு உருளையை அந்த விளிம்பு தள்ளும். உருளை நகர்ந்தால் நடுவில் இருக்கும் செவ்வகக் காட்சி நகரும். முடிவிலியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸைக் கொண்டுவர 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 2.6 மி.மீ. முன்னே வர வேண்டும். 35-க்கு 1.3 போதும். 90-க்கோ 9 மி.மீ. தேவை. ஆனால் உருளைக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. அது அறிந்ததெல்லாம் 50-இன் நகர்வு மட்டுமே. மற்ற லென்ஸ்களெல்லாம் தங்கள் நகர்வை 50-இன் கணக்குக்கு மாற்றித்தான் உருளையிடம் ஒப்படைக்கின்றன. இந்தக் கேமரா பிறவியிலேயே 50 மி.மீ. லென்ஸுக்காக வார்க்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆரம்பக் கதையும் அப்படித்தான். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் இருந்த ஆஸ்கர் பார்னாக், சினிமா ஃபிலிமைப் படுக்கைவசத்தில் ஓடவிட்டு 24-க்கு 36 மி.மீ. அளவில் படம் பிடிக்கும் சிறு கேமராவை உருவாக்கினார். அவருடைய முதல் மாதிரியில் இருந்தது 42 மி.மீ. லென்ஸ். 1925-இல் லைப்சிக் சந்தையில் லைக்கா விற்பனைக்கு வந்தபோது, மாக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 மி.மீ. லென்ஸ் கழற்றவே முடியாதபடி அதில் பொருத்தப்பட்டிருந்தது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வளையத்தைத் திருக வேண்டியதுதான். லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1932-இல் இரண்டாம் லைக்காவோடு வந்தது. எந்த லென்ஸ் என்று அந்த முதல் லைக்காவை வாங்கியவர் குழம்பியிருக்க முடியாது. கடையில் கிடைத்ததே ஒன்றுதான்.

இனி அந்த ஏழு சென்டிமீட்டருக்கு வருவோம். இரு சாளரங்களுக்கும் இடையே தூரம் அதிகமானால் தாவல் பெரிதாகும், அளவீடு துல்லியமாகும். பார்க்கும் காட்சியை வியூஃபைண்டர் எவ்வளவு சுருக்கிக் காட்டுகிறதோ அந்த அளவுக்குத் துல்லியம் குறையும். எனவே இரண்டையும் பெருக்க வேண்டும். 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் சாளர இடைவெளி 68.5 மி.மீ., வியூஃபைண்டரின் உருப்பெருக்கம் 0.91. பெருக்கினால் 62 மி.மீ. பிறகு வந்த பெரும்பாலான எம் கேமராக்களில் உருப்பெருக்கம் 0.72 என்பதால் விடை 50 மி.மீ. அளவில் நிற்கிறது. இதைப் பயனுறு அடித்தளம் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு மூக்கும் ஒன்றாகிவிட்டனவா என்று பார்க்கும் நம் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு பிசகினால் கண்டுகொள்ளாது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். 50 மி.மீ. அடித்தளத்தில், மூன்று மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆளிடம் இந்தப் பிசகு முன்னே 5 செ.மீ., பின்னே 5 செ.மீ. ஆகிறது. மொத்தம் 10. எந்த லென்ஸை மாட்டினாலும் இந்தப் பத்து மாறாது. எஸ்.எல்.ஆரில் கதை வேறு. அங்கே லென்ஸ் வழியாகவே பார்ப்பதால், டெலி லென்ஸ் மாட்டினால் காட்சியும் பெரிதாகும், ஃபோகஸின் துல்லியமும் கூடும். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் நீள நீளக் கண்டிப்பு ஏறுமே தவிர, அளக்கும் கருவி அப்படியே நிற்கும்.

கண்டிப்பு எவ்வளவு என்பதையும் கணக்குப் போடலாம். அதே மூன்று மீட்டரில் 35 மி.மீ. லென்ஸை எஃப்/2-இல் திறந்தால், தெளிவாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்துக் கிட்டத்தட்ட 90 செ.மீ. 50-க்கு 43. 90-க்கு வெறும் 13. எஃப்/2.8-இல் திறந்த 135-க்கு 8. கருவியின் பிசகோ 10. ஆக, 35-க்கும் 50-க்கும் கவலையே இல்லை, 90 மயிரிழையில் தப்பிக்கிறது, 135 தோற்றுப்போகிறது. இவை ஃபிலிம் காலத்து அளவுகோலின்படி வந்த எண்கள். இன்றைய சென்சார் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். அப்போது 90-ம் தோற்றுவிடும். 35-ம் 50-ம் அப்போதும் அசையாது.

135 எஃப்/2.8 லென்ஸை எப்படித்தான் விற்றார்கள்? அதற்கு மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டார்கள். உண்மையாகவே. 1960களில் வந்த அந்த எல்மாரிட் லென்ஸின் தலைமேல், கேமராவின் சாளரங்களுக்கு நேராக வந்து உட்காரும் ஒரு ஜோடி ஆடிகள் உண்டு. அவை வியூஃபைண்டர் காட்சியைச் சுமார் ஒன்றரை மடங்கு பெரிதாக்குகின்றன. அடித்தளம் 50-லிருந்து 75 ஆகிறது, பிசகு 10-லிருந்து 7 செ.மீ.க்கு இறங்குகிறது. எட்டுக்குள் ஏழு. பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும் அந்த லென்ஸ், கணக்குத் தெரிந்தவனுக்கு அழகாகத் தெரியும். அதைவிட நீண்ட லென்ஸ்களுக்கு லைக்கா கைகாட்டியது விசோஃப்ளெக்ஸ் என்ற கண்ணாடிப் பெட்டியை. மாட்டினால் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா எஸ்.எல்.ஆர். ஆகிவிடும்! தோல்வியை இதைவிட நாகரிகமாக ஒப்புக்கொள்ள முடியாது.

நீண்ட பக்கம் அடைபட்டது. அகலமான பக்கம்? ஃபோகஸ் கணக்கின்படி 21 மி.மீ. லென்ஸுக்குக்கூடத் தடையில்லை. அகல லென்ஸ்கள் ரேஞ்ச்ஃபைண்டரில் சிறப்பாகவே இருக்கும். நடுவே எகிறும் கண்ணாடி இல்லாததால் லென்ஸின் பின்பகுதி ஃபிலிமுக்கு மிக அருகில் போகலாம்; முன்னும் பின்னும் சமச்சீராக, சிறிதாக வடிவமைக்கலாம். தடை வேறு இடத்தில் இருக்கிறது. அது வியூஃபைண்டர்.

லென்ஸை மாற்றினாலும் வியூஃபைண்டரில் தெரியும் காட்சி மாறுவதில்லை. வெளிச்சக் கோடுகளாலான சட்டம் மட்டுமே மாறுகிறது. 90 மாட்டினால் நடுவில் சிறு சட்டம், 50-க்குப் பெரிய சட்டம். 0.72 வியூஃபைண்டரில் 28-க்கான சட்டம் விளிம்பை ஒட்டியே போய்விடும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர் அதன் நான்கு மூலைகளையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. 21-க்குச் சட்டமே கிடையாது. கேமராவின் தலையில் தனியாக ஒரு வியூஃபைண்டரைச் செருக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான இழப்பு ஒன்று உண்டு. சட்டத்துக்கு வெளியே நடப்பதும் தெரியும் என்பதற்காகத்தான் இந்தக் கேமராவைக் கட்டி அழுகிறோம். தெருமுனையில் வரும் சைக்கிள் சட்டத்துக்குள் நுழையப்போவது முன்கூட்டியே தெரியும். 28-இல் அந்த வெளிவட்டம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. நியூயார்க் தெருக்களில் கேரி வினோகிராண்ட் 28-ஐ வைத்துக்கொண்டுதான் வித்தை காட்டினார் என்பது தெரியும். அவர் கண் வேறு, நம் கண் வேறு.

சட்டக் கோடுகள் துல்லியமானவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிட்டே ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் முன்னே நகர்வதால் அது பார்க்கும் பரப்பு சற்றுச் சுருங்கும். கோடுகளை அந்தச் சுருங்கிய பரப்புக்கேற்ப வரைந்துவிடுகிறார்கள். அதனால் தூரக் காட்சியில் கோட்டுக்கு வெளியே இருந்த செருப்பு ஜோடி படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஜூம் ஏன் இல்லை என்பதும் இங்கே விளங்கும். வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. ஜூம் நகர நகரச் சட்டமும் கூடவே நகர வேண்டும். 1998-இல் லைக்கா கொண்டுவந்த ட்ரை-எல்மார் லென்ஸ் 28, 35, 50 என்று மூன்றே படிகளில் நின்றது. திருகினால் சட்டமும் மாறும். எஃப்/4 வெளிச்சம்தான். பகலுக்குச் சரி.

ஆக, மேலிருந்து 90 விலகியது, கீழிருந்து 28 விலகியது. மிஞ்சியவை 35-ம் 50-ம், நடுவே ஒரு 40. அந்த 40-க்கும் நியாயம் உண்டு. 24-க்கு 36 மி.மீ. படத்தின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. அந்த நீளத்துக்கு அருகில் இருக்கும் லென்ஸையே இயல்பான லென்ஸ் என்பது வழக்கம். வாடிக்கையாளருக்காக ஒரே லென்ஸைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டிய நிறுவனங்கள் என்ன செய்தன என்று பார்த்தால் போதும். லென்ஸைக் கழற்ற முடியாத ஜப்பானிய ரேஞ்ச்ஃபைண்டர்களில் யாஷிகா எலக்ட்ரோ 35-க்கு 45 மி.மீ., ஒலிம்பஸ் 35 எஸ்.பி.க்கு 42, கேனனெட் க்யூ.எல்.17 ஜி-III-க்கு 40. பத்துப் பேர் வாங்கினால் ஒன்பது பேருக்குப் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்ட வியாபாரிகளின் விடை இது. ஆனால் எம் கேமராவில் 40-க்கென்று சட்டம் இல்லை. லைக்கா சி.எல். கேமராவுக்காகச் செய்த 40 மி.மீ. லென்ஸை எம்-இல் மாட்டினால் 50-இன் சட்டம்தான் எழும். ஒவ்வொரு படத்துக்கும் மனத்தால் ஒரு விளிம்பு கூட்டிக்கொள்ள வேண்டும். பழகிவிடும் என்கிறார்கள். இருக்கிற ஒரே லென்ஸோடு அந்தச் சமரசம் எதற்கு?

35-க்கும் 50-க்கும் இடையே என்ன வேறுபாடு என்பதைப் பத்துக்குப் பத்து அறை ஒன்றில் பார்த்துவிடலாம். சுவரில் முதுகை ஒட்டி நின்றால் எதிர்ச்சுவர் மூன்று மீட்டர். 50 அந்தச் சுவரில் 2.16 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும், 1.44 மீட்டர் உயரத்தைப் பிடிக்கும். அங்கே நிற்கும் தாத்தாவின் முழங்காலுக்குக் கீழே வெட்டுப்படும். 35 பிடிப்பது 3.09 மீட்டர் அகலம், 2.06 மீட்டர் உயரம். சுவர் முழுக்க வந்துவிடும். தாத்தா செருப்போடு வருவார், தலைக்கு மேல் மாட்டியிருக்கும் காலண்டரும் வரும். மற்றபடி 50 லென்ஸ் மனிதக் கண் பார்ப்பதுபோலவே காட்டும், 35 முகத்தைக் கோணலாக்கும் என்பதெல்லாம் அரைகுறைப் பேச்சு. மூக்கு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் நாம் கிட்டே போனதுதான். நின்ற இடத்திலிருந்தே இரண்டிலும் எடுத்து, 35-இல் எடுத்ததை வெட்டிப் பெரிதாக்கினால் மூக்கும் காதும் அதே விகிதத்தில்தான் இருக்கும்.

50-இன் பக்கம் பேச வந்தால் ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் பெயரைச் சொல்லாமல் முடியாது. 1930களின் தொடக்கத்தில் லைக்காவை எடுத்தவர், வாழ்நாளில் பெரும்பகுதியை 50-ஓடு கழித்தார். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரையும் படமெடுத்தார்.

கார்ட்டியே-பிரெஸ்ஸோனைப் பார்த்து நாமும் 50 வாங்க வேண்டுமா? என் தீர்ப்பு 35 பக்கம். அறைக் கணக்கு ஒரு காரணம். இன்னொன்று, தெருவில் ஃபோகஸே செய்யாமல் எடுக்கும் வசதி. எஃப்/8-இல் 35-ஐ ஐந்து மீட்டரில் வைத்துவிட்டால், இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவு. 50-இல் அதே வசதி பத்து மீட்டரில் வைத்தால்தான் கிடைக்கும். ஐந்து மீட்டருக்குள் வருபவர் மங்கிவிடுவார். நம் தெருக்களில் ஐந்து மீட்டருக்குள் யாரும் வராமல் இருப்பது எப்போது?

திறப்பு எஃப்/2 போதும். எஃப்/1.4-க்கு ஆசைப்பட்டால் லென்ஸ் தடித்து வியூஃபைண்டரின் கீழ் மூலையில் துருத்திக்கொண்டு நிற்கும். திறப்பைச் சுருக்கும்போது ஃபோகஸ் புள்ளி மெல்ல நகர்ந்துவிடும் கோளாறு வேகமான லென்ஸ்கள் சிலவற்றில் உண்டு. லென்ஸ் வழியே பார்க்காத இந்தக் கேமரா அதை நமக்குச் சொல்லவே சொல்லாது. லைக்காவின் விலைக்குக் காணி நிலம் வாங்கலாம் என்பவர்களுக்கு, ஜப்பானில் தயாராகும் ஃபோக்ட்லாண்டர் அல்ட்ரான் 35 எஃப்/2-ம், சைஸ் பயோகன் 35 எஃப்/2-ம் இருக்கின்றன. இரண்டும் எம் கேமராவில் அப்படியே பொருந்தும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் கேமராவைக் கடைக்கு எடுத்துப் போய், மூக்குக்கண்ணாடி அணிபவராக இருந்தால் அதைக் கழற்றாமல், 35 லென்ஸை மாட்டி வியூஃபைண்டரில் பாருங்கள். சட்டத்தின் நான்கு மூலைகளும் கண்ணை உருட்டாமல் தெரிந்தால் 35-ஐ வாங்குங்கள். தெரியவில்லை என்றால் யோசிக்காமல் 50 எஃப்/2 வாங்கிக்கொண்டு வாருங்கள்.