ஃப்ளூ வைரஸ் மருந்துக்குக் கேட்கிறதா? கண்காணிப்பது எப்படி?

ஃப்ளூ காய்ச்சலுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தரும் வைரஸ் கொல்லி ஒசெல்டாமிவிர். டாமிஃப்ளூ என்றால் பலருக்கும் தெரியும். இந்த மருந்துக்குக் கேட்காத வைரஸ் பரவுகிறதா என்று ஆண்டு முழுவதும் உலகம் எங்கும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

மருந்து எப்படி வேலை செய்கிறது? உடலின் செல்லுக்குள் பெருகிய வைரஸ்கள் வெளியே வரும்போது செல்லின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டை அறுத்துவிடுவது நியூராமினிடேஸ் (வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஒரு நொதி). கத்தரிக்கோலின் வாயில் கட்டையைச் செருகியதுபோல ஒசெல்டாமிவிர் அந்த நொதியை முடக்குகிறது. வைரஸ் அடுத்த செல்லுக்குப் போக முடியாது.

பிறகு ஏன் மருந்து தோற்கிறது? நொதியின் வடிவம் இம்மியளவு மாறினாலே போதும், மருந்து அதில் பொருந்தாது. எச்1என்1 என்ற ஃப்ளூ வைரஸ் வகையில் அந்த நொதியின் 275ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் (புரதத்தின் அடிப்படைக் கூறு) மாறுவதுதான் அதிகம் காணப்படும் காரணம்.

மருந்தைக் கண்டபடி சாப்பிடுவதால்தான் இப்படி ஆகிறதா? எப்போதும் அப்படியில்லை. 2008 ஜனவரியில் நார்வேயில் சோதித்த எச்1என்1 வைரஸ்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒசெல்டாமிவிருக்குக் கேட்கவில்லை. அந்த மருந்து மிகக் குறைவாகவே புழங்கிய நாடு அது. அடுத்த குளிர்காலத்துக்குள் உலகில் பரவிய அந்த வகை ஏறத்தாழ முழுவதும் அப்படி ஆகிவிட்டது. 2009இல் வந்த புதிய எச்1என்1 அதை ஒதுக்கிவிட்டுப் பரவியது. அது மருந்துக்குக் கேட்டது. மருந்து குறைவாகப் புழங்கும் ஊரிலும் கண்காணிப்பு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நோயாளியின் மூக்கு, தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, அதிலிருந்து ஆய்வகத்தில் வைரஸை வளர்க்கிறார்கள். நொதி வெட்டினால் ஒளிரும் ஒரு வேதிப்பொருளை அதோடு சேர்த்து, மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். ஒளி பாதியாகக் குறைய எவ்வளவு மருந்து செலவாகிறது என்பதுதான் கணக்கு. ஏ வகை ஃப்ளூ வைரஸுக்கு (எச்1என்1 இதில் அடங்கும்) வழக்கத்தைவிட 10 மடங்குக்கு மேல் தேவைப்பட்டால் எச்சரிக்கை. 100 மடங்கைத் தாண்டினால் ஆபத்து. வைரஸின் மரபணுவையும் படித்துப் பார்ப்பார்கள். இந்தியாவில் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தின் ஃப்ளூ கண்காணிப்பு வலையில் இருக்கிறது.

இதனால் உங்களுக்கு என்ன லாபம்? எந்த மருந்தை எழுதலாம் என்று மருத்துவர்களுக்குச் சொல்வது இந்த முடிவுகள்தான். அமான்டடின் என்ற பழைய மருந்து பெரும்பாலான ஏ வகை வைரஸ்களிடம் பலிக்கவில்லை என்று தெரிந்ததும், 2006இல் அமெரிக்கா அதை ஃப்ளூவுக்குத் தர வேண்டாம் என்றது. ஒசெல்டாமிவிர் அந்த நிலைக்குப் போகவில்லை. அண்மை ஆண்டுகளில் சோதித்த வைரஸ்களில் இதற்குக் கேட்காதவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

மாத்திரை போட்டும் காய்ச்சல் விடவில்லை என்றால் வைரஸ் மாறிவிட்டதா? பெரும்பாலும் இல்லை. மாத்திரையைத் தாமதமாகத் தொடங்கியிருக்கலாம், காய்ச்சல் ஃப்ளூவாகவே இல்லாமல் டெங்குவாக இருக்கலாம், நுரையீரலில் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மனக்குழப்பம், விட்ட காய்ச்சல் திரும்புதல் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் மருந்து ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் தள்ளிப்போடவே கூடாது. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். வழக்கமாக அது ஐந்து நாள். மிச்சம் பிடித்து இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக் ஃப்ளூ வைரஸைத் தொடாது. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

தடுப்பூசி பயன்படுமா? படும். மருந்துக்குக் கேட்காத வைரஸாக இருந்தாலும் அதனால் தடுப்பூசியின் பலன் குறைந்துவிடாது. ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் மூக்கில் மாதிரி எடுக்கக் கேட்டால் மறுக்காதீர்கள். சில நொடி உறுத்தும், அவ்வளவுதான். அந்தப் பஞ்சுக்குச்சிகள் வந்து சேர்ந்தால்தான் ஆய்வகங்களால் எதையும் சொல்ல முடியும்.