மழை ஊருக்கு ஏற்ற காட்ஸ் கட்டு

மலிவான காட்ஸ் கட்டு வாங்கும்போது எல்லாரும் பெட்டியின் மினுமினுப்பைத்தான் பார்க்கிறோம். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இங்கே காட்டின் மேற்பூச்சைப் பார்த்து வாங்குங்கள்.

கடதாசி ஈரத்தை உறிஞ்சி விரியும். ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் பூசியிருந்தால் பூசாத பக்கம் கூடுதலாக விரிந்து காட் வளைந்துவிடும். இரு பக்கமும் ஒரே அளவு பூசிய காட் அவ்வளவு வளையாது. ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கத்து எண் தெரிந்தால் மட்டையின் தடிப்புப் போதாது. நல்ல காட்டின் நடுவே கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு பசை அடுக்கு இருக்கும். பிளாஸ்டிக் காட்டில் ஈரம் ஏறாது, ஆனால் விலை கூட.

வளைந்த காட்டால் என்ன நட்டம் என்று 304 என்ற காட்ஸ் ஆட்டம் ஆடுபவரிடம் கேளுங்கள். கேள்வியில், அதாவது ஏலத்தில், வென்றவர் துரும்புக் காட்டைக் கவிழ்த்து வைப்பார். அது இன்னதென்று மற்றவருக்குத் தெரியக்கூடாது. அதில் வளைவோ தேத்தண்ணிக் கறையோ மடிந்த மூலையோ இருந்தால் இரகசியம் அதோடு போயிற்று. அதனால் பின்பக்கத்தில்தான் ஆகக் கூடுதலான கவனம் வேண்டும். விளிம்புவரை கடும் நிறம் அடித்தால், ஓரம் தேயத் தேய உள்ளே இருக்கும் வெள்ளை வெளியே தெரியும். சுற்றிவர அகலமாக வெள்ளை விட்டால் தேய்மானம் அவ்வளவு தெரியாது. அதையே ஒடுக்கமாக விட்டால், வெட்டு அரை மில்லிமீற்றர் விலகினாலும் கண்ணில் குத்தும்.

கையில் எட்டுக் காட்டை விரித்துப் பிடிக்கும்போது தெரிவது இடது மூலை மட்டுமே. எண்ணும் அடையாளமும் அங்கே பெரிதாக இருக்க வேண்டும். லயத்து வீட்டின் மங்கலான பல்பு வெளிச்சத்தில் ஹார்ட்டும் டயமண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

பெட்டிக்குக் காசு கொட்டுவது வீண் என்பேன். ஈரத்தில் மூடி மடிப்போடு கிழிந்ததும் ரப்பர் பாண்ட் போடுவார்கள். அது காட்டின் ஓரத்தை வெட்டும். சாதாரணப் பெட்டியோடு சிப் வைத்த பொலித்தீன் பை ஒன்று கொடுத்தால் போதும்.

புதிதாக ஒரு விளையாட்டை அச்சிட நினைப்பவர் தாள் கணக்கையும் பார்க்க வேண்டும். பல இடங்களில் வரிசைக்கு 9 வீதம் 6 வரிசையாக ஒரு தாளில் 54 காட்ஸ் அடிப்பார்கள். 60 வேண்டுமென்றால் இரண்டாவது தாளுக்கும் காசு கொடுக்க வேண்டும். 1971இல் வந்த ஊனோ ஆட்டத்தின் வழக்கமான கட்டு நெடுங்காலம் 108ஆக இருந்தது, சரியாக இரண்டு தாள். அதன் காட்டுகளில் பெரும்பாலும் எண்ணும் நிறமும்தான் இருப்பதால் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே கட்டில் ஆடலாம்.

நம்மூர் ஓமி ஆட்டத்துக்கு ஒரு தாளே போதும். ஏழிலிருந்து ஏஸ் வரை 32 காட்ஸ் ஆட்டத்துக்கு. மீதி 20இல் கறுப்பு பத்தும் ஒரு அணிக்கு, சிவப்பு பத்தும் மற்ற அணிக்கு, புள்ளி எண்ண. மிஞ்சும் இரண்டு ஜோக்கரில் ஒன்றில் தமிழிலும் மற்றதில் சிங்களத்திலும் விதிகளை அச்சிட்டுவிடலாம். தனித் துண்டுத் தாளாகக் கொடுத்தால் முதல் வாரத்திலேயே தொலைந்துவிடும்.