ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன்

சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு பிரதேசமே ஆயினும், மூன்று புறமும் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ, கிழக்கே வங்கக் கடலை எல்லையாகக் கொண்டு விளங்கும் காரைக்காலில், லாரிகளின் போக்குவரத்துக்கு இரவென்றும் பகலென்றும் பேதம் கிடையாது. வாஞ்சூரில் 2009ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கிய துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிச் செல்லும் வண்டிகளும், மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸும் மீனுமாக நிறைத்துக்கொண்டு விடிவதற்குள் சந்தை சேர வேண்டிய வண்டிகளும், அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை சுமக்கும் வண்டிகளுமாக ஓடும் இவற்றுள், பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த பழைய லாரிகள் அனேகம். அத்தகைய லாரி ஒன்று, ஒரு நாள் அதிகாலையில் சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஓசையோடு நின்றுவிட்டால், "பேட்டரி போச்சு" என்று ஒருவரும், "டைனமோ போச்சு, சார்ஜ் ஏறலை" என்று மற்றொருவரும் நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவது வழக்கம். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. ஆயிரக்கணக்கில் பணம் செலவழித்துப் புது உறுப்பு வாங்குவதற்கு முன், அளந்து பார்த்து நிர்ணயம் செய்வதே இங்கும் நியாயம்.

பழைய டீசல் லாரிக்கு விசேஷமான குணம் ஒன்று உண்டு. அதன் எரிபொருள் பம்பு எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்குவதால், ஒரு முறை ஓடத் தொடங்கிய எஞ்சின், மின்சாரம் அறவே இல்லாமற் போனாலும் பெரும்பாலும் நிற்பதில்லை. ஆகவே, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் (பேச்சு வழக்கில் இதையும் டைனமோ என்பதுண்டு) செயலற்றுப் போன செய்தி பகல் முழுவதும் வெளிப்படாமல், இரவிலே முகப்பு விளக்குகள் மஞ்சளாக மங்கும்போதோ, மறுநாள் காலையில் செல்ஃப் எடுக்காதபோதோதான் தெரியவரும். வடகிழக்குப் பருவ மழையில், வைப்பரும் விளக்குகளும் ஒருசேர ஓடும் இரவுகளில், இது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த தத்துவத்தின்படி, காந்தப்புலம் மாறும்போது கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஆல்டர்னேட்டரில் சுழலும் உறுப்பாகிய ரோட்டாருக்குக் கார்பன் பிரஷ்களின் வழியாகச் சிறிதளவு மின்சாரம் சென்று அதைக் காந்தமாக்குகிறது. அதைச் சூழ்ந்து நிலையாக நிற்கும் ஸ்டேட்டார் சுருள்களில் மாறுதிசை மின்சாரம் உண்டாகிறது. டயோடுகள் அதை நேர்திசையாக்கி பேட்டரிக்கு அனுப்ப, ரெகுலேட்டர் அதன் அழுத்தத்தை வரம்புக்குள் நிறுத்துகிறது. இவற்றுள் எது கெட்டாலும் லக்ஷணம் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால்தான், பரீக்ஷைக்கு ஓர் ஒழுங்கு வேண்டியிருக்கிறது.

முதலாவது, டாஷ்போர்டிலுள்ள சார்ஜ் விளக்கைக் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிட்டால், அந்தச் சிறு பல்போ அதன் வயரோ அறுந்திருக்கலாம். பல மாதிரிகளில் ரோட்டாருக்கு ஆரம்ப மின்சாரம் அந்த பல்பின் வழியாகவே செல்வதால், அற்ப விலையுள்ள பல்பு ஒன்று எரிந்துபோனதற்காக நல்ல ஆல்டர்னேட்டர் ஒன்று குற்றம் சுமப்பதுண்டு.

அடுத்தது பெல்ட். தளர்ந்தோ, வெடித்தோ, உட்புறம் பளபளவென்று தேய்ந்தோ போயிருந்தால், அது கப்பியின் மேல் வழுக்குமேயன்றிச் சுழற்றாது. அதன்பின் மல்டிமீட்டரை எடுக்கலாம். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த லாரியில், வண்டி ஓய்ந்திருக்கையில் நிறைந்த பேட்டரிகள் சுமார் 25 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டால் அளவு 27.5 முதல் 28.5 வரை ஏறி நிற்க வேண்டும். ஏறவே இல்லையானால் சார்ஜ் இல்லை. 30ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுதாகியிருக்கிறது; பேட்டரி கொதித்து வற்றும். இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே அளப்பதும் அவசியம். ஒன்று செத்திருந்தால் மற்றொன்றையும் அது கெடுத்துவிடும்.

காரைக்கால் போன்ற கடற்கரை ஊரில் மறக்கக்கூடாத பரீக்ஷை இன்னொன்று உண்டு. உப்புக்காற்றும், மீன் பெட்டிகளிலிருந்து சொட்டும் உப்பு கலந்த ஐஸ் நீரும் சேசிஸில் படிந்து, எர்த்து வயர் போல்ட் இறுகும் இடத்தைத் துருவேற்றுகின்றன. விளக்குகளை எரியவிட்டு எஞ்சின் ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் உடல்மீதும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனைமீதும் வைத்தால், ஒரு வோல்ட்டின் சிறு பின்னமே காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், குற்றம் ஆல்டர்னேட்டருடையதன்று. பச்சை பூத்த டெர்மினலையும் துருப்பிடித்த போல்ட்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினாலே வண்டி குணமாகிவிடும்.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைப் பிடுங்கிப் பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அது டயோடுகளையும் ரெகுலேட்டரையும் ஒரு நொடியில் எரித்துவிடக்கூடும் என்பதால், அதை யார் செய்ய வந்தாலும் தடுத்துவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் பின் குற்றம் ஆல்டர்னேட்டருடையதே என்று உறுதியானாலும், முழுவதையும் மாற்றுவது எப்போதும் அவசியமன்று. கார்பன் பிரஷ், பேரிங், ரெகுலேட்டர், டயோடு தட்டு ஆகியவை தனித்தனியே கிடைப்பவை. ஸ்டேட்டாரைக்கூட ரீவைண்டிங் செய்யும் எலக்ட்ரீஷியன்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். உடல் விரிசல் கண்டிருந்தாலோ, ரோட்டாரின் தண்டு தேய்ந்திருந்தாலோ மட்டும் புதியது வாங்குவது உத்தமம். வாங்கும்போது வோல்ட், ஆம்பியர், கப்பியின் அகலம், கால்களின் அமைப்பு ஆகியவற்றைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மாற்றும்போது முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். ஆல்டர்னேட்டரின் பெரிய முனையில் எப்போதும் மின்சாரம் இருக்கும். வயர்களுக்கு அடையாளம் கட்டிய பின், இழுவைப் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை எடுத்து, உறுப்பை இறக்கலாம். சில சிறு லாரிகளில் பிரேக்குக்குரிய வாக்குவம் பம்பு ஆல்டர்னேட்டரின் பின்புறமே பொருந்தியிருப்பதால், அதன் ஆயில் குழாய்களைச் சரிவர இணைத்து, பிரேக் மிதியைச் சோதித்த பிறகே சாலையில் இறங்க வேண்டும். வற்றிய பேட்டரியை வெளியே சார்ஜ் ஏற்றிப் பொருத்தினால், புது ஆல்டர்னேட்டர் முதல் நாளிலேயே கொதிக்க நேராது. சிறிது தூரம் ஓட்டியபின் பெல்ட்டை மறுபடி இறுக்குவதும் வேலையின் ஒரு பகுதியே.

லாரி வைத்திருப்போருக்கு ஒரு விண்ணப்பம்: உறுப்பை மாற்றச் சொல்பவரிடம், "மீட்டர் எத்தனை வோல்ட் காட்டியது?" என்று கேளுங்கள். அளந்து காட்டி, போல்ட்டைத் தேய்த்து இறுக்கியதோடு வண்டியை அனுப்பிவைக்கும் எலக்ட்ரீஷியனிடம், உறுப்பு எதுவும் மாற்றவில்லையே என்று கூலியைக் குறைத்துக் கேட்காதீர்கள். நோயைச் சரியாகக் கண்டுபிடித்த அறிவுக்கே அந்தக் கூலி உரியது.