வேலூர் வெயிலில் மாரிமோ

மாரிமோ என்னும் பாசிப் பந்துக்குள் கல்லும் இல்லை, விதையும் இல்லை. நூல்நூலாக வளரும் ஒரு பச்சைப்பாசி நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் நீண்டு உருண்டையாகிறது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள ஆக்கான் ஏரியில் அலைகள் இதை அடித்தரையில் உருட்டிக்கொண்டே இருக்கின்றன. அதனால் எல்லாப் பக்கமும் வெளிச்சம் படுகிறது, ஒட்டிய வண்டலும் உதிர்கிறது. ஆண்டுக்குச் சுமார் 5 மி.மீ. வளரும் இந்தப் பாசி, அங்கே 30 செ.மீ. விட்டத்தையும் எட்டுகிறது. ஜப்பான் அரசு 1921லேயே இதற்குப் பாதுகாப்பு அளித்தது.

ஆக்கான் குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரி. வேலூரிலோ மே மாதம் 40 டிகிரி தாண்டும். மாரிமோவுக்கு 25 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. ஆகவே வீட்டில் தண்ணீர் ஜாடியில் வளர்ப்பவர்களுக்கு ஜன்னலோரம் வேண்டாம். வெயில் நேராகப் பட்டால் பந்து வெளுக்கும். ஜாடியை ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் இறக்கி நிழலில் வையுங்கள். நம் ஊர் வறண்ட காற்றில் ஈரம் வேகமாக ஆவியாகும்போது சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் சில நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாலும் கெடாது. இருட்டும் குளிரும் இந்தப் பாசிக்குப் பழக்கமானவை.

வெயிலை இப்படிச் சமாளித்துவிடலாம். தண்ணீரில்தான் கூடுதல் கவனம் தேவை. காரணம், நம் பக்கத்துத் தோல் பதனிடும் தொழில். பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பிடுவார்கள். டேனரியில் ஊறவைக்கும்போது அந்த உப்பு கழிவுநீரோடு போகும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் அது பல்லாண்டுகள் மண்ணில் இறங்கியிருக்கிறது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பே பதிவு செய்துள்ளது. லேசான உப்பை மாரிமோ தாங்கும். பால்டிக் கடலோரத்தின் உவர்நீரிலும் வளர்கிறது. ஆனால் இப்பகுதியின் உப்பேறிய போர்வெல் தண்ணீரை ஊற்றி, வற்ற வற்ற அதையே நிரப்பினால், நீர் போய் உப்பு மட்டும் ஜாடியில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் மேலே நிரப்புவதோடு நிறுத்தாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். கேன் தண்ணீர் போதும். குழாய்த் தண்ணீரானால் வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் வாடை போனபின் ஊற்றுங்கள்.

தண்ணீர் மாற்றும்போது பந்தை மெல்லப் பிழிந்து, உள்ளங்கையில் உருட்டி, பக்கம் மாற்றிப் போடுங்கள். ஏரியில் அலை செய்யும் வேலை, வீட்டில் உங்கள் கையுடையது. ஒரு பக்கம் அழுகினால் அதைப் பிய்த்து எறிந்துவிடலாம், மிச்சம் பிழைத்துக்கொள்ளும். தங்கமீன் இருக்கும் தொட்டியில் மட்டும் விடாதீர்கள், கொறித்தே தீர்த்துவிடும்.

சில நாள் பந்து தானாக மேலே வந்து மிதக்கும். பதற வேண்டாம். ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜன் குமிழிகள் நூல்களுக்கிடையே சிக்கி அதைத் தூக்குகின்றன. இந்த மிதப்பில் பாசியின் உள்கடிகாரத்துக்கும் பங்கு உண்டு என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். வளர்ப்பவருக்கு இதைவிட அழகான காட்சி கிடையாது.

2021இல் அமெரிக்கக் கடைகளில் விற்ற பாசிப் பந்துகளுக்குள் வரிச்சிப்பிகள் ஒளிந்திருந்தன. ஏரிகளில் புகுந்தால் பிற உயிர்களை நெருக்கி அழிக்கும் அயல்சிப்பி அது. எனவே புதுப் பந்தை முதலில் தனி ஜாடியில் வைத்துக் கவனியுங்கள். வளர்க்க முடியாமல் போனால் கொதிநீரில் போட்டுவிட்டுக் குப்பையில் சேருங்கள். ஏரியிலோ பாலாற்றிலோ வீசாதீர்கள்.