நிறைகுடம் தளும்பாது, நிறைவாளி?

அடிபம்பிலிருந்து எங்கள் வாசல்வரை முப்பது தப்படி இருக்கும். வாளி நிறையப் பிடித்துக்கொண்டு நடந்தால் முதல் நாலைந்து அடிக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் தண்ணீர் மெல்ல அலம்பத் தொடங்கும். பத்தாவது அடியில் விளிம்பைத் தாண்டிக் காலை நனைக்கும். வாசல்வரை ஈரக்கோடு. "மெதுவா வாடா!" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

தவறு என் கையில் மட்டும் இல்லை, வாளியின் அகலத்திலும் இருந்தது.

எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் இருந்தாலும், அது ஆடுவதற்கென்று ஒரு தாளம் உண்டு. நீர்ப்பரப்பு அகலமாக இருந்தால் ஆட்டம் நிதானமாகும். குறுகலாக இருந்தால் வேகமாகும். வாளியில் இருப்பது தண்ணீரா பாலா என்பதால் இந்தத் தாளம் மாறுவதில்லை. 30 சென்டிமீட்டர் வாயுள்ள வாளியில் தண்ணீர் நிமிடத்துக்குச் சுமார் 105 முறை முன்னும் பின்னும் ஆடும். நாம் சாதாரணமாக நடக்கும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி எடுத்துவைக்கிறோம். இரண்டும் ஏறக்குறைய ஒன்று! ஊஞ்சல் திரும்பிவரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னத் தள்ளல்களே அதை உயரக் கொண்டுபோகும் அல்லவா? ஒவ்வொரு அடியும் வாளித் தண்ணீரை அப்படித்தான் தள்ளுகிறது. பாடப் புத்தகம் இதை ஒத்ததிர்வு என்கிறது. நடக்கும்போது காபி ஏன் சிந்துகிறது என்று ஆராய்ந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரு ஆய்வாளர்களுக்கு 2012-இல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் 'இக் நோபல்' பரிசு கிடைத்தது.

நிறைகுடம் தளும்பாது என்ற பழமொழிக்கும் இதில் விளக்கம் இருக்கிறது. கழுத்துவரை நிறைந்த குடத்தில் நீர்ப்பரப்பு குறுகியது. 11 சென்டிமீட்டர் அகலம் என்றால் நிமிடத்துக்கு 170 முறைக்கு மேல் ஆடும். நம் நடையோடு ஒட்டாது. பாதிக் குடத்திலோ தண்ணீர் அகன்ற வயிற்றில் நிற்கிறது. அங்கே அதன் தாளம் வாளியின் தாளத்துக்கு இறங்கிவிடுகிறது, குறைகுடம் கூத்தாடுகிறது. வாளிக்குக் கழுத்து கிடையாது. மேலே போகப்போக விரியும் உடம்பு. நிறைந்தாலும் குறைந்தாலும் ஆட்டத்தின் வேகம் அதிகம் மாறாது. முக்கால் வாளி சிந்தாமல் தப்புவது, அலை ஏற இடம் மிச்சமிருப்பதால்தான்.

பாட்டி வாளியில் ஒரு கொத்து வேப்பந்தழையை மிதக்கவிட்டுத் தூக்குவார். ஆடும் நீர் இலைகளிடையே உரசி வேகம் இழக்கும். தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் வைக்கும் துளையிட்ட தடுப்புத் தகடுகளுக்கும் இதே வேலைதான்.

தழை கைவசம் இல்லையென்றால் நடையின் தாளத்தை மாற்ற வேண்டும். தண்ணீர் ஆடத் தொடங்கியதும் ஒரு கணம் நின்று, பிறகு நிதானமாக அடியெடுத்து வைத்தால் போதும். அம்மா உள்ளேயிருந்து சொன்னதும் அதைத்தானே!