ஏற்றச் சொன்னவருக்கும் பொறுப்பு உண்டு

2025 மே 13ஆம் தேதி காலை. மலேசியாவின் தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாவின் பாதுகாப்புப் பணியை முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸ் பிரிவான எஃப்.ஆர்.யு. காவலர்களின் வாகனமும் கல் ஏற்றிவந்த லோரியும் மோதின. காவலர்கள் 9 பேர் மாண்டார்கள். லோரியின் ஸ்டீரிங் செயலிழந்திருந்ததையும், அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் இருந்ததையும் விசாரணை காட்டியது. நம் விழாவுக்குக் காவல் நின்றவர்கள் அவர்கள். அதிக பாரம் உயிரைப் பறிக்கும் என்ற இந்தப் பாடம் பெரிய லோரிகளுக்கு மட்டும் உரியதன்று. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பந்தல் சாமான், அரிசி மூட்டை, சிமெண்டு ஏற்றி ஓடும் பிக்கப்களுக்கும் உரியது.

இரண்டு எண்கள்

சரக்கு வாகனத்துக்குச் சுமையில்லா எடை, சுமையோடு மொத்த எடை என இரண்டு எண்கள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவதே நீங்கள் ஏற்றக்கூடிய அளவு. சரக்கோடு ஆட்களும் அதில் அடக்கம்.

மொத்த எடை 2,900 கிலோ, சுமையில்லா எடை 2,000 கிலோ என்று வையுங்கள். மிஞ்சுவது 900. தலா 75 கிலோவில் 4 பேர் ஏறினால் 300 போய்விடும். மீதி 600 கிலோவுக்கு 50 கிலோ சிமெண்டு 12 மூட்டைதான். தட்டில் இன்னும் இடம் இருக்கும், எடைக்கு இடமிருக்காது. 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அதுவே 1,000 கிலோ. பின்னால் பொருத்திய இரும்புச் சட்டமும் கூரையும்கூட இந்தக் கணக்கில் சேரும்.

டிரெய்லர் இழுப்பது தனிக் கணக்கு. பிக்கப் விளம்பரத்தில் வரும் 3,500 கிலோ, சொந்த பிரேக் உள்ள டிரெய்லருக்கு உரியது. பிரேக் இல்லாததற்குப் பொதுவாக 750 கிலோதான். கொக்கியில் அழுத்தும் பாரம் பிக்கப்பின் சுமையோடு சேரும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடையையும் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள்.

என்ன ஆபத்து?

பாரம் கூடக்கூட வண்டி நிற்க நெடுந்தூரம் பிடிக்கும். டயர் சூடேறி வெடிக்கலாம். பின்பக்கம் அமிழ்ந்தால் முன்சக்கரத்தின் பிடி குறைந்து ஸ்டீரிங் இலேசாகும். விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். பட்டறையில் கூடுதல் ஸ்ப்ரிங் பட்டை போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் பிரேக்கும் அச்சும் பழையவைதான், பதிவான மொத்த எடையும் மாறாது.

சட்டம் தரும் காப்பு

ஆபத்தான முறையில் ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தினால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. "ஏற்றிக்கொண்டு போ" என்று முதலாளி சொன்னாலும் வழக்கில் முதலில் நிற்பவர் ஓட்டுநர்தான்.

அதனால் மறுக்கும் உரிமையை அறிந்திருங்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்தை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்த ஆபத்திலிருந்து விலகும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. அதற்காகப் பழிவாங்கவும் கூடாது. சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வையுங்கள், சுமையைப் படமெடுங்கள்.

விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும். பணியில் காயமடைந்த தொழிலாளி சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடம் இழப்பீடு கோரலாம். அதிக பாரத்தைக் காரணம் காட்டி, சாலையில் காயமுற்ற மூன்றாம் தரப்பினருக்கு உரிய கட்டாயக் காப்புறுதிப் பொறுப்பைக் காப்புறுதி நிறுவனம் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் கொடுத்த தொகையை அது வாகன உரிமையாளரிடமே திரும்பக் கேட்கலாம். உயிரிழந்தவரை நம்பியிருந்த குடும்பம் 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். காலம் தாழ்த்தாமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

பிக்கப் வைத்திருக்கும் முதலாளிகளே, இரண்டு எண்களையும் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் எழுதி ஒட்டுங்கள். சாமான் அனுப்பும் வாடிக்கையாளர்களே, ஒரே நடையில் முடிக்கச் சொல்லி நெருக்காதீர்கள். இரண்டாவது நடைக்கு ஆகும் எரிபொருள் காசை எவராலும் தாங்க முடியும்.