உயிரோடு போய்ச் சேருமா?

வயிற்றுக்குள் ஒரு நாடு – 9

1904-ல் பாரிஸில் ஒரு ரஷ்ய விஞ்ஞானி முதுமையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. கொஞ்ச காலத்திலேயே புளித்த பால் மருந்துக் கடைச் சரக்காகிவிட்டது. பேசியவர் சாதாரண ஆள் இல்லை. பாஸ்டர் நிறுவனத்தின் இலியா மெச்னிகோவ். ரத்த வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்கிக் காப்பாற்றுகின்றன என்று கண்டுபிடித்து, 1908-ல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

அவர் வாதம் எளிமையானது. பெருங்குடலில் உணவு அழுகுகிறது. அந்த அழுகலின் நஞ்சு ரத்தத்தில் கலந்து மூப்பைக் கொண்டுவருகிறது. புளித்த பால் மட்டும் அழுகுவதில்லை. அப்படியென்றால் பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றினால் அழுகல் நிற்கும் அல்லவா? பல்கேரியக் கிராமங்களில் தயிர் சாப்பிட்டு நூறு வயது தாண்டியவர்கள் ஏராளம் என்பதையும் அவர் சாட்சிக்கு அழைத்தார். அந்த வயதுக் கணக்கு எவ்வளவு நம்பகமானது என்பது வேறு விஷயம்.

இதே நச்சுக் கொள்கையை நம்பிய லண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கலோடு வந்தவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு மெச்னிகோவின் வழி எவ்வளவோ மேல். அவர் தினமும் புளித்த பால் குடித்தார். 1916-ல் 71 வயதில் காலமானார்.

பல்கேரியத் தயிருக்குள் இருப்பது என்ன என்று கண்டுபிடித்தவர் ஒரு பல்கேரிய இளைஞர். ஜெனீவாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஸ்டாமென் கிரிகோரோவ், தன் நாட்டுத் தயிரை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, குச்சி வடிவ பாக்டீரியா ஒன்றை 1905-ல் அடையாளம் கண்டார். அதுதான் பின்னாளில் லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ். மெச்னிகோவுக்குத் தன் கொள்கைக்கு ஒரு நாயகன் கிடைத்துவிட்டான்.

நாயகன் களத்தில் தோற்றான். 1920-களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்கர் குழுவினர் சோதித்தபோது, பல்கேரிகஸ் மனிதக் குடலில் தங்குவதாகத் தெரியவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. இரைப்பையில் அமிலம் காத்திருக்கிறது. அதில் தப்பினால் சிறுகுடலில் பித்தநீர், சவர்க்காரம் போல பாக்டீரியாவின் மேலுறையைக் கரைத்துவிடும். பாலில் பிறந்து பாலிலேயே வளர்ந்த ஜீவனுக்கு இந்தப் பாதை பழக்கமில்லை.

ஆனால் கதையில் ஒரு திருப்பம் உண்டு. பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவாக உள்ளவர்களுக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும்; தயிர் அவ்வளவு படுத்துவதில்லை. தயிர் பாக்டீரியாவுக்குள் அந்த நொதி இருக்கிறது. குடலில் அதன் உடல் உடையும்போது நொதி வெளியே வந்து லாக்டோஸைப் பிளக்கிறது. செத்தும் கொடுத்த சீதக்காதிதான்! ஆரோக்கியம் பற்றி நிறுவனங்கள் சொல்லிக்கொள்ளும் பெருமைகளை வடிகட்டித் தள்ளும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2010-ல் தயிர் பாக்டீரியாவின் இந்த ஒரு பலனை ஏற்றுக்கொண்டது.

ஜப்பானில் மினோரு ஷிரோட்டா வேறு வழியில் யோசித்தார். அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கும் பாக்டீரியாவாகப் பார்த்துப் பொறுக்கினால் என்ன? கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 1930-ல் அப்படி ஒன்றை வளர்த்தெடுத்தார். 1935-ல் அது யாகல்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று இந்தியக் கடைகளிலும் கிடைக்கும் அந்த 65 மில்லி புட்டியில் 650 கோடி பாக்டீரியா இருப்பதாக நிறுவனம் சொல்கிறது.

எண்ணிக்கை இருக்கட்டும், எந்த பாக்டீரியா என்பதே கேள்வி. நெல் என்று பொதுவாகச் சொன்னால் போதுமா, பொன்னியா, சீரகச் சம்பாவா என்று கேட்க மாட்டோமா? பாக்டீரியாவும் அப்படித்தான். ஒரே இனத்துக்குள் நூற்றுக்கணக்கான ரகங்கள். ஒன்று செய்வதை இன்னொன்று செய்யாது. அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் 2001-ல் கூடிய ஐ.நா. நிபுணர் குழு ‘புரோபயாடிக்’குக்கு விதித்த இலக்கணம்: உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவில் இருக்க வேண்டும், உடலுக்கு நன்மை செய்ய வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒடிசாவின் கிராமங்களில் பினாகி பாணிகிரஹி குழுவினர் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கு லாக்டோபேசில்லஸ் பிளான்டாரத்தின் ஒரு ரகத்தை, அதற்குத் தீனியாகும் ஒரு சர்க்கரையோடு, ஏழு நாள் கொடுத்தார்கள். அது கிடைக்காத குழந்தைகளில் 9 சதவீதம் பேர் ரத்தத்தில் கிருமி பரவும் நோய்க்கோ மரணத்துக்கோ ஆளானார்கள். கிடைத்தவர்களில் இது 5.4 சதவீதம். 2017-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இந்த முடிவு மருத்துவ உலகை நிமிர்ந்து உட்கார வைத்தது. மறு ஆண்டே எதிர்ப்புறச் செய்தி. வயிற்றுப்போக்கோடு அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வந்த 971 குழந்தைகளைக் கொண்ட ஆய்வில், உலகப் புகழ்பெற்ற எல்.ஜி.ஜி. ரகம் எந்தப் பலனும் தரவில்லை. ஒடிசாவில் சேர்க்கப்பட்டவை ஓரளவு எடையோடு பிறந்து தாய்ப்பால் குடித்த குழந்தைகள் என்பதையும் மறக்கக்கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு இவற்றைக் கொடுப்பது ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023-ல் எச்சரித்திருக்கிறது.

சரி, நம் வீட்டு இட்லி? 1965-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெனீவா ஆய்வு நிலையத்தில் (இது நியூயார்க் மாநிலத்து ஜெனீவா) ஸ்டெய்ன்கிராஸ் குழுவினர் இட்லி மாவை ஆராய்ந்து, அதை உப்ப வைப்பது லூக்கோனாஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா என்று காட்டினார்கள். உளுந்திலும் அரிசியிலும் ஒட்டியிருந்து, இரவெல்லாம் வாயுவையும் அமிலத்தையும் உற்பத்தி செய்யும் அந்தப் படை, காலையில் இட்லிப் பானையின் ஆவியில் பூண்டோடு அழிகிறது. மாவைப் பக்குவப்படுத்தியதோடு அதன் வேலை முடிந்தது. மோர்க்குழம்பில் கொதிக்கும் தயிருக்கும் இதே கதி. உயிரோடு வாய்க்குள் போவது குளிர்ந்த தயிரிலும் மோரிலும் பழைய சோற்றிலும் உள்ளவைதான். ஆனால் வீட்டுக்கு வீடு மாறும் உறைமோரில் எந்த ரகம் இருக்கிறது என்று யார் கண்டது? கோர்டோபா இலக்கணப்படி அதை புரோபயாடிக் என்று அழைக்க முடியாது.

அதனால் பயனில்லை என்று அர்த்தமில்லை. ஸ்டான்போர்டில் 36 பேரைக் கொண்டு நடந்த சிறிய ஆய்வு 2021-ல் வெளியானது. தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்றவற்றைப் பத்து வாரம் தாராளமாகச் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் ரத்தத்தில் குறைந்தன. புதிதாகத் தென்பட்ட நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை அந்த உணவிலிருந்து வந்தவையே அல்ல என்பதுதான் வேடிக்கை. விருந்தாளி வந்ததும் உள்ளூர்க்காரர்கள் வெளியே தலைகாட்டியிருக்கிறார்கள்.

ஆன்டிபயாடிக் எழுதும்போதே கூடவே ஒரு புரோபயாடிக் கேப்ஸ்யூலையும் எழுதுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. மருந்தால் வரும் வயிற்றுப்போக்கைச் சில ரகங்கள் குறைக்கின்றன என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனம் 2018-ல் 21 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஓர் உறுத்தலான செய்தியைச் சொன்னது. ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் விழுங்கியவர்களின் குடலில் பழைய நுண்ணுயிர்கள் திரும்பிவர, எதுவும் விழுங்காமல் விட்டவர்களைவிட அதிக காலம் பிடித்தது. எல்லாரையும் முந்தி, சில நாட்களிலேயே பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் மூன்றாவது குழுவினர். மருந்துக்கு முன்பே சேகரித்து வைத்த அவர்களுடைய மலம்தான் அவர்களுக்குத் திரும்பச் செலுத்தப்பட்டது. முகம் சுளிக்க வைக்கும் அந்தச் சிகிச்சையைப் பற்றி அடுத்த வாரம்.